எடுத்திருக்க வேண்டிய ஒரு வரி

அன்பு மகனுக்கு,

நாளை மறுநாள் மாலை உன் விமானம். பெட்டியை நீ இரண்டு முறை எடை போட்டுவிட்டாய். மூன்றாவது முறை உன் அம்மா போட்டாள். மிளகாய்த் தூள் பொட்டலத்தை வெளியே எடுத்தாள், சற்று நேரம் கையில் வைத்திருந்தாள், மறுபடியும் உள்ளே வைத்துவிட்டாள். ஒரு வாரமாக இந்த வீட்டில் நாம் மூவரும் எடையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்றதைப் பேச எனக்கு வாய் எழவில்லை. அதனால், அடுத்த அறையில் இருக்கும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் மலேசியத் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதியவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ போவது படிக்க அல்ல. சொந்தக்காரர்களிடம் உன் அம்மா "மேல்படிப்புக்குப் போறான்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். நீ அதைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் வேலை. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து ஆண்டுகள் உதவித் தாதியாக இருந்தாய். அங்கே நீ ஏறப்போவது அதற்கும் ஒரு படி கீழே. பட்டதாரித் தாதியாக வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அது நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம். எப்படி என்பதில் பாதி உனக்குத் தெரியும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் உன் வேலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உன் பெரியம்மா மகளின் திருமணப் பந்தியில், போர்ட் கிள்ளானில் லோரி வைத்திருக்கும் என் பழைய நண்பர் கேட்டார், "பையன் என்னா செய்றான்?" என்று. நான் "மெடிக்கல் லைன்லா" என்று சொல்லி அப்பளத்தை உடைத்தேன். எனக்குப் பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நீ, "அசிஸ்டன்ட் நர்ஸ், அங்கிள்" என்றாய். "ஆம்பள நர்ஸா? ஊசியெல்லாம் போடுவியா?" என்றார் அவர். "ஊசி போட என்னைய விட மாட்டாங்க அங்கிள். குளிப்பாட்டுவேன், தொடச்சி விடுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். நீங்க வந்து படுத்தா உங்களுக்கும் செய்வேன், டிஸ்கவுண்ட் இல்ல" என்றாய். வரிசையே சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "அவ்ளோ விலாவாரியா சொல்லணுமா?" என்று கேட்டேன். "நீங்கதானப்பா எதையும் விலாவாரியா சொல்லணும்பீங்க" என்றாய். அப்போது அதை ஒரு நல்ல பதில் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நீ சான்றிதழ்ப் படிப்போடு நின்றதற்கும் நான் பொறுப்பாளி. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் உனக்குக் கிரெடிட் மதிப்பெண் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நேராகத் தாதியர் டிப்ளோமாவில் சேர்ந்திருப்பாய். அந்த ஆண்டு நான் தேர்தல் செய்திக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். கணித டியூஷனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பப் பாரம் இரண்டு மாதம் என் பையிலேயே இருந்தது. நீ இரண்டு முறை கேட்டாய், மூன்றாவது முறை கேட்கவில்லை. ஏழு ஆண்டு வேலை செய்தபின், இருபத்தேழு வயதில், நீ மறுபடியும் அந்தக் கணிதத் தேர்வை எழுதப் போனாய். மண்டபத்தில் இருந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் உன்னைத் தேர்வுக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்களாம். "உக்காருங்கலா, நானும் கோட்டை விட்டவன்தான்" என்றாயாம். இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பை உன் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிரெடிட் கிடைத்தது.

எதற்காக அந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். ஒரு நோயாளியின் வயிறு உப்பிக்கொண்டு வருவது உன் கைக்குத் தெரிந்தது என்றாய். "குளிப்பாட்டுறவனுக்குத் தெரியாம வேற யாருக்குப்பா தெரியும்? போய்ச் சொன்னா, நீ பிபி மட்டும் எடுன்றாங்க. குறிப்புல எழுத எனக்கு ரைட் இல்ல. நான் பாத்தத நானே எழுதணும். அதுக்குத்தான்." உன் ஆசை முழுவதும் இவ்வளவுதான். பதவியோ வெள்ளைச் சட்டையோ நீ கேட்கவில்லை. பார்த்ததை எழுதும் உரிமை. அதே உரிமையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் உன் தகப்பன்.

சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரி, உன்னைப் போன்ற சான்றிதழ்க்காரர்களைப் பட்டப்படிப்போடு இணைக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஐந்தாண்டு அனுபவம், கணிதத்தில் கிரெடிட், வேலை செய்யும் மருத்துவமனையின் தலைமைத் தாதியான மேட்ரன் தரும் கடிதம் ஆகிய மூன்றும் இருந்தால், அரை ஆண்டு இணைப்பு வகுப்பு முடித்துப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையை விட வேண்டியதில்லை. நேர்காணல் முடிந்த அன்று நீ அங்கிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாய். இருவரும் கீழே தோசைக் கடையில் உட்கார்ந்தோம். "சீட்டு கெடச்ச மாதிரிதான்பா. மேட்ரன் ஒரு சுராட் எழுதிக் குடுத்தா போதும். வாரத்துல ரெண்டு நாள் என்னைய விடுறேன்னு எழுதணும். குடுக்கிறேன்னு வாயால சொல்லிட்டாங்க" என்றாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாவது தோசை வந்தபோது உன் குரல் தாழ்ந்தது. "ஏன் படிக்க வரீங்கன்னு கேட்டாங்கப்பா. ஒரு தாத்தா ஞாபகம் வந்துச்சி. ஆனா சொல்லல. வேற என்னமோ சொல்லிட்டு வந்துட்டேன்." பிறகு எனக்குச் சொன்னாய். முன்பு லோரி ஓட்டியவர், சர்க்கரை நோயாளி, காலில் புண். ஓயாமல் பெல்லை அழுத்துகிறார் என்று, யாரோ அந்த பெல்லின் ஒயரைச் சுருட்டி, அவர் கைக்கு எட்டாமல் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டிவைத்திருந்தார்கள். மாலை நேரம், அந்த வார்டு முழுவதற்கும் நீயும் இன்னொரு தாதியும் மட்டும். கழிவறைக்குப் போக அவராகவே இறங்கி விழுந்தார். முதலில் ஓடிப் பார்த்தவன் நீ. மற்றவர்கள் வருவதற்குள் நீ அந்த பேண்டேஜை அவிழ்த்துவிட்டாய். "எதுக்கு அவுத்தேன்னே தெரியலப்பா. பெல்ல அவர் கையில குடுக்கணும்னு தோணுச்சி. கீழ கெடக்கிறவருக்கு எதுக்கு பெல்லு?" இடுப்பெலும்பு முறிந்து, எட்டாம் நாள் அவர் இறந்துபோனார். விபத்து அறிக்கையில் பேண்டேஜைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறிக்கையை எழுதும் உரிமை உனக்கு இல்லை. மேட்ரனிடம் மட்டும் தனியாக, வாயால் சொன்னாய்.

கை கழுவிவிட்டு வந்து, "இது பேப்பருக்கு இல்லப்பா. உங்களுக்குச் சொன்னேன்" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. உண்மையாகத்தான் ஆட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, தனியார் மருத்துவமனைகளில் தாதியர் பற்றாக்குறை என்று ஒரு தொடர் எழுத வேண்டி வந்தது. சுகாதார அமைச்சு என்ன சொல்கிறது, தாதியர் சங்கம் என்ன சொல்கிறது என்று எல்லாம் கையில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் என்று காட்ட ஓர் ஆள்தான் இல்லை. நீ சொன்ன அந்த லோரிக்காரத் தாத்தாவை எடுத்து அதில் படுக்க வைத்தேன். மருத்துவமனையின் பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, அவர் பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பேண்டேஜால் கட்டிய ஒயரை எழுதினேன். இன்னொன்றையும் நம்பினேன். தமிழ்ப் பத்திரிகையை அதிகாரத்தில் இருக்கும் யாரும் படிப்பதில்லை என்பது என் வாழ்நாள் புகார். எவ்வளவோ எழுதியிருக்கிறேன். உடைந்த பள்ளிக் கூரை, பெயர்க்கப்பட்ட கோயில், சம்பளம் தராத முதலாளி என்று எதற்கும் ஒரு தொலைபேசி அழைப்புகூட வந்ததில்லை. அந்தப் புகாரே அன்று எனக்குத் தைரியம் கொடுத்தது. யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் வார்டில் தரை துடைக்கும் அக்கா படித்தார். அவர் தினமும் நம் பத்திரிகையை வாங்கி, கண் தெரியாத நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டுவார் என்று நீயே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். "எங்க அப்பா எழுதுறது" என்று அவரிடம் என் பெயரைக் காட்டியவனும் நீதான். அவர் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தாதியர் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, அப்பா நம்ம டிரைவர் தாத்தாவையா எழுதியிருக்காரு? அவரு மாதிரியே இருக்கே!" என்று கேட்டாராம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மேட்ரன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதன்பின் நடந்ததை நீ அம்மாவிடம்தான் சொன்னாய், அவள் எனக்குச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து மேட்ரன் உன்னை அறைக்கு அழைத்தார். மேசையில் பத்திரிகை மடித்து வைக்கப்பட்டிருந்தது. "உங்க அப்பா நல்லா எழுதுறாரு. நானும் தமிழ் ஸ்கூல்ல படிச்சவதான்" என்றார். "பேண்டேஜ் விஷயம், கட்டுன ஆளத் தவிர, ஒனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" என்று கேட்டார். நீ ஆமாம் என்றாய். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "ரோஸ்டர்ல ஆள் பத்தல. வாரத்துல ரெண்டு நாளெல்லாம் விட முடியாது, சாரி" என்றார். குரலை உயர்த்தவில்லை, வேலையிலிருந்து நீக்கவில்லை, மெமோகூட இல்லை. ஒரு கடிதம் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எதிர்த்துக் கேட்க அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

அன்று மாலை நீ என் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அந்த பேண்டேஜ் அவசியமாப்பா?" நான், "பேரு போடலையே" என்றேன். "ஆமா, பேரு போடல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு இந்த இரண்டு ஆண்டுகளில் அதைப் பற்றி நீ பேசியதே இல்லை.

இனி உனக்குத் தெரியாதது. அந்தச் செய்தி அச்சுக்குப் போகும் மாலை, உதவி ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். "அண்ணே, இந்த பேண்டேஜ் வரி வேணுமா? எடுத்துட்டாலும் நியூஸ் நிக்கும். இவ்ளோ நுணுக்கமா இருந்தா, சொன்ன ஆளு மாட்டிக்குவாருண்ணே" என்றார். கையில் பேனாவோடு நின்றார். ஒரு சொல் சொன்னால் போதும், அடித்திருப்பார். நான், "அதுதான் செய்தியே. விடு" என்றேன். அது பொய். செய்தி பற்றாக்குறையைப் பற்றியது. அந்த வரி இல்லாமலும் அது அப்படியேதான் இருந்திருக்கும். அந்த வரி நன்றாக அமைந்திருந்தது, அதனால் விடச் சொன்னேன். எழுதி முடித்தபின் அதை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வேறு காரணம் எதையும் இந்த இரண்டு ஆண்டுகளில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாமல் நடந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், தெரிந்துதான் நடந்தது. உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

இன்னொன்றும் உண்டு. உனக்குச் சொல்லாமல் நான் அந்த மேட்ரனைப் பார்க்கப் போனேன். நடைபாதை நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறு என்னுடையது, பையனை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "சார், நீங்க இப்ப இங்க வந்தத எழுதுவீங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த நடையால் உனக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. கெடுதல் விளைந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தச் செய்தியால் யாருக்காவது பயன் கிடைத்ததா என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தது ஒரே அழைப்பு. தீபாவளி மலருக்கு விளம்பரம் கொடுக்க எந்த எண்ணில் பேச வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரி சான்றிதழ்க்காரர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. மற்ற இடங்களில் டிப்ளோமா கேட்டார்கள். அதை மூன்று ஆண்டு, வேலையை விட்டுவிட்டு, முதலிலிருந்து படிக்க வேண்டும். உனக்கு முப்பதாகிவிட்டது. நீ ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாய், தாளை மடித்தாய், மறுவாரம் அந்த முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாய்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் தினமும் கிள்ளானிலிருந்து அதே ரயிலில்தான் போய்வந்தேன். சுபாங் ஜெயா நிலையத்தில் கதவு திறக்கும். தாதியர் சீருடையில் பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குவார்கள். நான் பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். கதவு மூடும். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

இரண்டு மாதமாக என் வலது கால் பெருவிரல் புண்ணுக்கு நீதான் கட்டுப் போடுகிறாய். சர்க்கரை எனக்கும் வந்துவிட்டது. பேண்டேஜை நீ சுற்றும்போது நான் ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். "இறுக்கமா இருக்காப்பா?" என்று மட்டும் கேட்பாய். இல்லை என்பேன். நேற்று நீ உன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்டினாய். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "சிவந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவரு சொல்ல மாட்டாரு" என்றாய். நான் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது.

ஊருக்குப் போகும் பிள்ளைக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். காலணியை இரண்டு ஜோடியாக வாங்கிக்கொள், ஈரக் காலணியோடு எட்டு மணி நேரம் நிற்காதே. இங்குள்ள உன் தாதியர் பதிவை ஆண்டுதோறும் புதுப்பி, விட்டுவிடாதே. அதற்கான பாரத்தை என்னிடம் கொடுத்துவைக்காதே, அம்மாவிடம் கொடு. குளிப்பாட்டும்போது கிழவர்கள் பேசுவார்கள். யாருக்கும் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வா. என்னோடு பேசும்போது குளிரைப் பற்றிச் சொல், சாப்பாட்டைப் பற்றிச் சொல். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. அங்கே எப்போதாவது, ஏதாவது ஒரு கல்லூரி உன்னைச் சேர்த்துக்கொண்டால், அதன் பெயரை எனக்குச் சொல்லாதே. முடித்த பிறகு சொல். நடக்கும் என்று நம்பி இதை எழுதவில்லை. நடந்தால் என் கை அதில் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத முயன்று பார்த்தேன். உனக்கு வேண்டியிருந்தது தாளில் இரண்டு கையெழுத்து. மேட்ரனுடையது ஒன்று, டியூஷன் பாரத்தில் என்னுடையது ஒன்று. இரண்டும் கிடைக்கவில்லை. இப்போது நான் வேறு எதை எழுதினாலும் அது அந்த இடத்தில் போய் உட்காராது.

பழைய அலுவலகத்தில் ஞாயிறு பதிப்புக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இதைக் கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்கிறேன். செய்தி சொன்னவரிடம் அச்சுக்கு முன்னால் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. இந்தத் தாள்களையும் என் சிவப்புப் பேனாவையும் உன் பெட்டிமேல் வைக்கிறேன். வேண்டாத வரியை அடித்துவிடு. முழுவதையும் அடித்தாலும் சரி. ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பா

பின்குறிப்பு: தாள்களை நீ இன்று காலை, என் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்தபின், மேசையில் வைத்துவிட்டுப் போனாய். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மேட்ரனை நீ தொடவில்லை, உதவி ஆசிரியரை, பேண்டேஜை, என்னை, எதையும் தொடவில்லை. கடிதத்தில் ஏழு இடங்களில் உன் பெயரைச் சொல்லி அழைத்திருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசிவரை அந்த ஏழு இடங்களிலும், அளவுகோல் வைத்ததுபோல, நேராகக் கோடு போட்டிருக்கிறாய். நீ அடித்தபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.